புகையில் வேகும் வான்கோழி

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை ‘நன்றியறிதல் நாள்’ கொண்டாடப்படுகிறது. அன்றைய விருந்தில் முழு வான்கோழிக்கே முதலிடம். அதைச் சிலர் மூடியுள்ள புகையடுப்பில் வைத்துப் பல மணி நேரம் வேகவைப்பார்கள். வெப்பநிலையைக் கவனிக்கத் தவறினால், விருந்துண்டவர்கள் நோயுற நேரிடும். அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வெப்பநிலைகள்

புகையடுப்பில் தீச்சுவாலை இறைச்சியைத் தொடுவதில்லை. கரியும் மரத்துண்டுகளும் கனன்று தரும் சூடான காற்றும் புகையுமே அதை வேகவைக்கின்றன. அடுப்பினுள் காற்றின் வெப்பநிலை 107 முதல் 149 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். இறைச்சியின் உட்பகுதியோ 74 டிகிரியை எட்ட வேண்டும். ஆகவே இரண்டு வெப்பமானிகள் தேவை: ஒன்று காற்றுக்கு, மற்றொன்று இறைச்சிக்கு.

ஏன் 74 டிகிரி? பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். 4 முதல் 60 டிகிரி வரை அவை நன்கு பெருகும். அடுப்பின் சூடு குறைந்தால், இறைச்சி இந்த ஆபத்தான எல்லைக்குள் நெடுநேரம் தங்கிவிடும். 74 டிகிரியில் அவை நொடிகளில் அழிந்துவிடுகின்றன.

வெப்பம் ஏன் மெதுவாக ஏறுகிறது?

தோலிலிருந்து உள்ளே வெப்பம் கடத்தல் முறையில் செல்கிறது. இறைச்சி ஓர் அரிதிற் கடத்தி. தடிமன் இரு மடங்கானால், உட்பகுதி சூடாக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். எனவே சிறிய பறவையே நல்லது. உறைந்த பறவையானால், பனி முழுவதும் உருகிய பின்னரே அடுப்பில் வைக்க வேண்டும்.

மற்றொரு தடையும் உண்டு. மேற்பரப்பிலுள்ள ஈரம் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீரைக் குளிரச்செய்யும் அதே நிகழ்ச்சிதான்! இதனால் வெப்பநிலை ஏறும் வேகம் இடையில் குறையலாம். அவசரப்பட்டுத் தீயைப் பெருக்கினால் உள்ளே வேகுமுன் வெளிப்புறம் உலர்ந்துவிடும்.

தீயை அடக்குவது எப்படி?

எரிதலுக்கு ஆக்சிஜன் தேவை. அடுப்பின் அடியிலுள்ள காற்றுத் துளையைத் திறந்தால் கரி வேகமாக எரியும். சிறிதாக்கினால் வேகம் குறையும். உள்ளே வைக்கும் நீர்த்தட்டு வெப்பத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிகுதியல்லவா? மூடியை அடிக்கடி திறந்தால் சூடான காற்று வெளியேறி, வேகும் நேரம் நீளும்.

கண்ணை நம்பலாமா?

சாதாரணமாக, இளஞ்சிவப்பு நிறம் வேகாத இறைச்சியின் அடையாளம் என்று கருதுகிறோம். ஆனால் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதத்துடன் சேர்ந்து, நன்கு வெந்த இறைச்சியிலும் அந்நிறத்தை நிலைக்கச் செய்கின்றன. வேகாத இறைச்சியும் சில வேளைகளில் வெந்ததுபோல் தோன்றலாம். எனவே நிறம் சாட்சியாகாது. மார்பின் தடித்த பகுதியிலும், தொடை, இறக்கை ஆகியவை உடலோடு சேரும் உட்பகுதிகளிலும் எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். எல்லா இடங்களிலும் 74 டிகிரி காட்டினால்தான் விருந்துக்குத் தயார்.

சிந்தியுங்கள்: வான்கோழியின் வயிற்றினுள் ரொட்டித் துண்டுகளைத் திணித்துப் புகையடுப்பில் வைப்பது ஏன் நல்லதல்ல?

விடை: வெப்பம் கடைசியாகச் சென்று சேரும் இடம் அதுவே. இறைச்சி வெந்த பின்னும் திணித்த உணவு 74 டிகிரியை எட்டாமலிருக்கலாம்.