போடி மலைச்சாரல் கற்பிக்கும் பாடம்

கல்லூரி விடுமுறை வந்தவுடன் மலைநாடு காண விழைதல் இளைஞர்க்கு இயல்பாகும். அவ்விழைவு நன்றே. ஆயினும், மலையைக் காண்பது வேறு. அதன் இயல்பை அறிவது வேறு. இவ்வேறுபாட்டினைத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரையும், அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சாரலையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மதுரையினின்று போடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1928-ஆம் ஆண்டில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இடப்பெற்றன. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டிறுதியில் நிறுத்தப்பெற்ற புகைவண்டி, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் போடியை அடைந்தது. ஊரினின்று மேலேறும் சாலை 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லையிலுள்ள போடிமெட்டினைச் சேர்கின்றது.

இவ்வழியே செல்வோர் முதற்கண் நோக்கத்தக்கது மலையின் இருமுகமாம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலினின்று கொணரும் மேகம் மேற்குச் சரிவில் முட்டி, மேலெழுந்து குளிர்ந்து மழையாகின்றது. முகட்டைக் கடந்து கீழிறங்கும் காற்றோ வெம்மையுற்று வறளுகின்றது. ஆதலின், போடிப் பக்கத்துச் சரிவுகளிற் புல்லும் புதரும் மிகுதி. மெட்டினைத் தாண்டினாலோ சோலையும் ஏலத்தோட்டமும் நம்மை எதிர்கொள்கின்றன.

ஏலம் நிழலையும் ஈரத்தையும் நாடும் செடி. பெருமரங்களை அடியோடு வெட்டிவிட்டால் அது செழிக்காது. அதன் பூங்கொத்துத் தண்டின் அடியினின்று தோன்றித் தரையையொட்டிப் படர்கின்றது. தேனீக்கள் மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. காய்கள் யாவும் ஒருங்கே முற்றாமையால், ஒரே செடியிற் பலமுறை பறித்தல் வேண்டும். கீழுள்ள ஊர்களினின்று நாடோறும் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளரே, பெரும்பாலும் பெண்டிர், குனிந்தும் அமர்ந்தும் இவ்வேலையைச் செய்கின்றனர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அது போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்கு வருகின்றது. நாம் வளைவுதோறும் வண்டியை நிறுத்தி வியக்கும் பசுமை, இவ்வாறு பலருடைய உழைப்பாலும் நிற்பதாகும்.

இனி, மலையின் கிழக்கு முகத்தை நோக்குவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைக்கும் புல், தையிலும் மாசியிலும் உலர்ந்து சருகாகின்றது. வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தால் நாம் அறிவது. வகுப்பிற் பொருளிலக்கணமாகப் பயிலும் அச்செய்தி, இச்சாரலில் ஆண்டுதோறும் கண்கூடாக நிகழ்கின்றது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், மாசித் திங்களின் இறுதியில், போடிக்கு அணித்தான குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்குண்டனர். அவருள் 23 பேர் உயிரிழந்தனர். சரிவில் எழும் தீயின் சுவாலை மேலுள்ள புல்லை முன்னரே சுட்டு உலர்த்திவிடுவதால், சமநிலத்தினும் மேட்டில் தீ விரைந்து ஏறும். காற்றும் துணைசெய்யின், மேல்நோக்கி ஓடுபவரைத் தீ எளிதில் எட்டிவிடும். இதனை முன்னரே அறிந்திருத்தல், மலைக்குச் செல்லும் எவர்க்கும் உயிர்க்காவலாகும்.

அத்துயருக்குப் பின்னர், தமிழ்நாட்டரசு அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும் என்பதனை இளைஞர் சிலர் இடையூறாகக் கருதுகின்றனர். அவை அவ்வுயிர்களை இழந்தபின் நாம் பெற்றவை என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே, மலைக்குப் புறப்படுமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே வினவுவோமாக: இஃது எப்பருவம்? நாம் ஏறுவது எம்முகம்? நம்முடன் வருவோருள் வழியறிந்தவர் யாவர்? குரங்கணியில் மறைந்தோரும் நம்மைப் போலவே மலையை நேசித்துச் சென்றவரே. அந்நேசத்தோடு மலையின் இயல்பறிந்த அறிவும் நம்முடன் வழிநடத்தல் வேண்டும்.