டிரெய்லர் ஓட்டுநரின் மகள் நிதித் துறைக்குப் போகலாமா?

கேள்வி: நான் போர்ட் கிள்ளானில் படிவம் 5 படிக்கிறேன். அறிவியல் பிரிவு இல்லை. கணக்கியலும் வணிகமும் எடுத்திருக்கிறேன். கணக்கியலில் எப்போதும் நல்ல புள்ளி வரும். கணிதம் சுமார்தான். அப்பா வெஸ்ட்போர்ட்ஸில் டிரெய்லர் ஓட்டுகிறார். எனக்கு வணிகம், நிதி சம்பந்தமான வேலைக்குப் போக ஆசை. "சயன்ஸ் எடுக்காதவளுக்குக் கடைசியில் கிராணி வேலைதான்" என்கிறார் மாமா. கல்விக் கண்காட்சியில் ஒரு தனியார் கல்லூரிக்காரர், "வங்கி, நிதி டிப்ளோமாவில் சேர்ந்துவிடு, பி.டி.பி.டி.என். கடன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்றார். கணக்கு வேலையை இனி கம்ப்யூட்டரே செய்துவிடும் என்றும் சொல்கிறார்கள். நான் எங்கே படிப்பது? என்ன வேலை கிடைக்கும்?
— படிவம் 5 மாணவி, போர்ட் கிள்ளான்

பதில்: மகளே, முதலில் மாமாவுக்கு ஒரு பதில். பட்டயக் கணக்காளர் ஆவதற்கு இயற்பியலும் வேதியியலும் தேவையில்லை. கணிதத்தில் நல்ல கிரெடிட் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், பொறுமை வேண்டும். கணக்கியலில் உனக்கு ஏற்கெனவே பிடிப்பு இருக்கிறது. கணிதம் சுமார் என்கிறாயே, அதைத்தான் இந்த ஆண்டு கவனிக்க வேண்டும். தேசிய மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அரசுப் பல்கலைக்கழகக் கதவே திறக்காது என்பதையும் மறந்துவிடாதே.

நிதித் துறை என்றதும் பலருக்குக் கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடமும் டை கட்டிய ஆட்களும்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நீ இருக்கும் ஊரைப் பார். 2023-இல் போர்ட் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சம். அப்பா இழுத்துப் போகும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் நகர்கிறது. அந்தக் காகிதத்தை நகர்த்துகிறவர்கள்தான் நீ கேட்கும் வேலையில் இருப்பவர்கள்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் சென்னையிலிருந்து ஒரு கண்டெய்னர் காய்ந்த மிளகாய் தருவிக்கிறார் என்று வைத்துக்கொள். விற்பவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு விற்பவரை நம்ப முடியாது. நடுவில் வங்கி வந்து எல்.சி. திறக்கிறது: காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் கொடுப்பேன் என்ற உறுதி. அந்தக் காகிதங்களில் ஒரு விவரம் முரண்பட்டாலும் பணத்தை நிறுத்திவைக்கலாம். அதைச் சரிபார்ப்பது வங்கியின் வணிக நிதிப் பிரிவில் உள்ளவரின் வேலை. விலை அமெரிக்க டாலரில் இருக்கும். சரக்கு வந்து சேர்வதற்குள் ரிங்கிட் சரிந்தால் லாபம் கரைந்துவிடும் என்பதால், டாலரை முன்கூட்டியே எந்த விலைக்குப் பிடித்துவைப்பது என்று கணக்குப் போட ஒருவர் வேண்டும். கடலில் சரக்கு நனைந்தால் யார் தருவது? காப்புறுதிக்காரர். கப்பல் வந்ததும் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் சுங்கத்துறைக்கு இறக்குமதி அறிவிப்பான கே1 பாரம் அனுப்புகிறார். பொருளுக்குத் தவறான வரிக் குறியீட்டைப் போட்டால் பெட்டி அங்கேயே நிற்கும். இலவச நாள்கள் கடந்தால் துறைமுகத்துக்குச் சேமிப்புக் கட்டணம், கப்பல் நிறுவனத்துக்கு டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கிலோ மிளகாய்க்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று சொல்லவேண்டியவர் கணக்காளர். அவர் சொன்னது சரிதானா என்று பார்ப்பவர் கணக்காய்வாளர். ஒரே ஒரு பெட்டிக்கு இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள். இவர்களில் யாருடைய வேலை உன்னை இழுக்கிறது என்று யோசித்துப் பார்.

இன்னும் தெரியவில்லை என்றால் கணக்கியலையே எடு. கணக்கியல் படித்தவர் வங்கிக்கும் போகலாம், வரித்துறைக்கும் போகலாம், சொந்தக் கம்பெனியும் நடத்தலாம். வங்கி, நிதி என்று மட்டும் படித்தவர் பிறகு கணக்காய்வாளராக மாறுவது கடினம்.

இனி கல்லூரிக்காரர் சொன்னது. பி.டி.பி.டி.என். உதவித்தொகை அன்று, கடன். நீதான் திருப்பிக் கட்டவேண்டும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: உன் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு முதல் வழி அரசு வழிதான். மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு இருக்கிறது, அதற்கு விண்ணப்பி. கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, செலவு மிகக் குறைவு. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குக் கணக்கியல், பொருளாதாரம், வணிகவியல் மூன்றும் எடுக்கலாம். "ஆறாம் படிவமா? அது வேறு இடம் கிடைக்காதவர்களுக்கு" என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பால் நம் குடும்பங்கள் வீணாகக் கடனாளி ஆவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேள்: "இதைப் படித்தால் எம்.ஐ.ஏ. உறுப்பினர் ஆக முடியுமா?" 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் (எம்.ஐ.ஏ.) பதிந்தவர்தான் இந்நாட்டில் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். வட மலேசியப் பல்கலைக்கழகம் (யு.யு.எம்.), மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் கணக்கியல் பட்டங்களை அந்தச் சட்டம் ஏற்கிறது. படித்து முடித்து மூன்றாண்டு உரிய அனுபவம் பெற்றால் பதியலாம். பெயரில் 'கணக்கியல்' இருக்கிற எல்லாப் பட்டத்துக்கும் இந்தத் தகுதி கிடையாது. சிலவற்றைப் படித்துவிட்டு மேலும் தொழில்முறைத் தேர்வு எழுதவேண்டிவரும்.

பல்கலைக்கழகமே கிடைக்காமல் போனாலும் ஏ.சி.சி.ஏ. என்னும் தொழில்முறைக் கணக்காளர் தகுதி உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர் அதன் அடிப்படை நிலையில் தொடங்கி மேலே ஏறலாம். இப்போதைய திட்டப்படி 13 தாள்கள், அதோடு 36 மாத வேலை அனுபவம். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முடித்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். ஆனால் கட்டணம் பவுண்டில், தாள்கள் கடினம், பாதியில் விட்டவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். வீட்டில் மாதாமாதம் பணம் ஒதுக்க முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு இறங்கு.

கம்ப்யூட்டர் வேலையைப் பறிக்குமா? ஒரு பகுதியைப் பறித்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு வருமான வரி வாரியம் மின்-இன்வாய்ஸைக் கட்டாயமாக்கியது. பிறகு படிப்படியாக அடுத்தடுத்த நிலை நிறுவனங்களுக்கும் அது வந்தது. ரசீதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது மட்டுமே தெரிந்த கிராணிக்கு இனி இடம் சுருங்கும். ஆனால் மின்-இன்வாய்ஸ் ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்தச் செலவு வரிக்கழிவுக்கு உரியது, இந்த மாதம் சம்பளம் போடக் கையில் பணம் இருக்குமா என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். எக்செலில் கை பழகட்டும், இப்போதே தொடங்கலாம்.

சம்பளத்தைத் தாண்டி இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இது என் நெஞ்சில் கிடக்கிற விஷயம். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் தவணையில் பங்கு வாங்கித் தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆனார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. 1982-இல் ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. சுமார் 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்களும் உண்டு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2010-இல் பங்குக்கு 80 காசு கொடுத்து அதை வாங்க முன்வந்தது, உன் அப்பா வேலை செய்யும் வெஸ்ட்போர்ட்ஸை வளர்த்தெடுத்த ஞானலிங்கத்தின் நிறுவனம். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, வரவு எங்கே, கடன் எங்கே என்று படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே வீட்டுக்கு ஒருவர் இருந்திருந்தால், அந்த 28 ஆண்டுகளில் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்! அந்த ஒருவர் உன் வீட்டில் நீயாக இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறோம்" என்று யார் வந்தாலும், தோழியே ஆனாலும், கொடுக்காதே. மோசடிப் பணத்தைக் கடத்தும் 'கெல்டாய் அக்காவுன்' வேலை அது; சட்டப்படி குற்றம். நிதித் துறையில் உன் பெயர் கெட்டால் சான்றிதழ் எதுவும் உதவாது.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், போர்ட் கிள்ளானில் ஏதாவது ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்திலோ சிறிய கணக்காய்வு நிறுவனத்திலோ தற்காலிக வேலை கேள். அப்பாவின் ஹாலேஜ் கம்பெனியிலேயே விசாரிக்கச் சொல். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், கே1 நான்கையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருக்கும் எடையும் எண்ணிக்கையும் மற்றதில் பொருந்துகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள். அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆறாம் படிவத்தில் மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதும்போது அந்தப் பழக்கமும் கைகொடுக்கும்.