அக்கா அகதி, தம்பி குடிமகன்

கேள்வி: 1984இல், இரண்டு வயதில், பெற்றோருடன் மன்னாரிலிருந்து படகில் வந்தேன். மண்டபம் முகாமில் பதிந்தார்கள். 1986இல் தம்பி அந்த முகாமில்தான் பிறந்தான். இந்தியர் ஒருவரை மணந்து சேலையூரில் வசிக்கிறேன். முகாமுக்கு வெளியே வசிப்பவர் என்று காவல் நிலையத்தில் வெளிப்பதிவு உண்டு. மகள் 2003இலும் மகன் 2009இலும் தாம்பரத்தில் பிறந்தார்கள். புதிய சட்டத்தில் எங்களுக்கு விலக்கு என்கிறார்கள். எனக்கு இனி விசா இருப்பதாக அர்த்தமா? மகளிடம் ஓ.எம்.ஆர். கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கப் பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் மகளை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். அதைச் சொல்லுமுன் அந்த விலக்கைப் பார்த்துவிடுவோம்.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கியது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா கட்டாயத்திலிருந்து மத்திய அரசு விலக்கு தந்திருக்கிறது. நீங்கள் அதில் அடங்குவீர்கள். ஆனால் விலக்கு ஆணையை விசாவாகக் காட்ட முடியாது. காவல் நிலையப் பதிவை விட்டுவிடாதீர்கள்; உங்களுக்குக் காப்பு அதுதான்.

இந்தியரை மணந்து ஏழாண்டு இங்கு வசித்தவர், குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் விழுந்த ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரை உங்களை அங்கே தடுக்கிறது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு அதை நீக்கியது. இலங்கைத் தமிழருக்கு நீக்கவில்லை. அம்மா இடுப்பில் தூக்கிவந்த குழந்தைக்கு நாற்பது ஆண்டு கழித்தும் இந்தப் பெயரா? இது அநியாயம், நீதிமன்றத்திலும் இதைத்தான் சொல்வேன். உங்கள் தாத்தா, பாட்டி மலையகத் தோட்டங்களிலிருந்து வடக்கே வந்தவர்களா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழி உங்களுக்கும் திறக்கலாம்.

இப்போது மகன். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதனால் உங்கள் மகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்த குடியுரிமை மகனுக்குச் சிக்கலாகிறது. ஆனால் குடிமகனின் மைனர் பிள்ளையைப் பதிவு செய்ய அதே 5ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை, இங்கேயே பிறந்தவர். எனவே அந்த முத்திரை அவருக்குப் பொருந்தாது என்பது என் வாதம். 18 வயது முடிந்தால் இந்தக் கதவு அடைபடும். உங்கள் கணவர் இப்போதே ஆன்லைனில் விண்ணப்பித்து, நகலைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கேளுங்கள். ரிட் மனுவுக்கு அந்தத் தாள் வேண்டும்.

மகள் பிறந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமகள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குத் தைரியமாகப் போகட்டும். நீங்கள் இலங்கையர் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். போலீஸ் விசாரணையில் தெரியத்தான் போகிறது. பொய்த் தகவல் தருவது குற்றம். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் புரோக்கரையும் அண்டவிடாதீர்கள். போலி பாஸ்போர்ட்டுக்குப் புதிய சட்டத்தில் குறைந்தது 2 ஆண்டு சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம்.

உங்கள் தம்பியின் நிலை இன்னும் உறுதியானது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளானாலும் குடிமகன்தான். அதே மண்டபம் முகாமில் அதே 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தம்பியின் பொறுப்பு. பிறப்பு பதிவாகாமல் இருந்தால், முகாம் பதிவேட்டு நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இவற்றோடு ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு கொடுக்க வேண்டும். தாம்பரத்தில் கொடுத்தால் செல்லாது.