குக்கீஸ் முக்க எந்த வெள்ளை சாக்லேட்?

கேள்வி: வீட்டில் சுட்ட குக்கீஸை வெள்ளை சாக்லேட்டில் முக்கி எடுத்தால், மறுநாளும் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எந்த சாக்லேட் வாங்கலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் மட்டும் என்றால் அசல். தாவரக் கொழுப்பு என்றால் காம்பவுண்ட். அசலின் ருசியே தனி. ஆனால், வெறுமனே உருக்கி முக்கினால் சரியாக இறுகாது. சுமார் 40 டிகிரி செல்சியஸில் உருக்கி, 26 வரை ஆறவிட்டு, மறுபடி 28-க்கு ஏற்ற வேண்டும். இதுதான் டெம்பரிங். வெப்பமானியும் பொறுமையும் வேண்டும். அத்தனையும் செய்தாலும் மதுரை வெயிலில் அது இளகிவிடும். எனவே உங்களுக்கு காம்பவுண்ட்தான் சரி. உருக்கினால் போதும், தானாக இறுகும். தித்திப்பு கொஞ்சம் தூக்கல்தான். குக்கீஸ் மாவில் சர்க்கரையைக் குறைத்து ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள்.

சாக்லேட் சிப்ஸ் வேண்டாம். அவன் சூட்டிலும் உருக்குலையாதபடி செய்யப்படுவதால், உருக்கினாலும் கூழாகவே நிற்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரிந்து மணல்மணலாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினால் கவனம்; அடியில் கொதிக்கும் நீரின் ஆவியும் தண்ணீர்தானே! கெட்டிப்பட்டால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கள். பால் கூடவே கூடாது. குக்கீஸ் முழுதாக ஆறிய பிறகே முக்குங்கள்.