எதிர்கால லாரி: முகத்தை விட முதுகு முக்கியம்

"எதிர்கால லாரி"னு இணையத்தில் தேடிப் பாருங்க. வர்ற படங்கள் எல்லாமே ஒரே ஜாடையில் இருக்கும். புல்லட் ரயில் மாதிரி மூக்கு, பாதி முகத்துக்குக் கண்ணாடி, ஓரத்தில் நீல விளக்கு. பார்க்க கெத்தாத்தான் இருக்கு. ஆனா டீசலை மிச்சப்படுத்துறது அந்த மூக்கு மட்டும்தானா? ஒரு சின்ன கணக்கு போட்டு, நிஜமாகவே ரோட்டில் ஓடிக் காட்டிய சில லாரிகளையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

முதல்ல கணக்கு

ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் படித்த சூத்திரம்தான். காற்றுத்தடை = ½ × காற்றின் அடர்த்தி × இழுவைக் கெழு × முகப்புப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். இழுவைக் கெழு என்பது நாம டிராக் கோஎஃபிஷியன்ட் என்று சொல்வதுதான். வடிவம் எவ்வளவு மோசம் என்று சொல்லும் எண் அது. குறையக் குறைய நல்லது.

ஒரு டிரெய்லர் லாரியை எடுத்துக்குவோம். முகப்புப் பரப்பு 10 சதுர மீட்டர், இழுவைக் கெழு 0.6, காற்றின் அடர்த்தி 1.2, லோடோடு மொத்த எடை 36 டன். டயர் உருளும்போது வரும் தடைக்குக் கெழு 0.006 என்று வைப்போம். மேடு பள்ளம் இல்லாத ரோடு, ஒரே சீரான வேகம்.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை 2250 நியூட்டன். டயர் தடை சுமார் 2120 நியூட்டன். அதாவது இன்ஜின் சக்கரத்துக்கு அனுப்பும் சக்தியில் பாதி, சும்மா காற்றைத் தள்ளவே போகுது! அது மட்டும் 56 கிலோவாட்.

இப்போ இழுவைக் கெழுவை 0.36-க்குக் குறைப்போம். 2017-ல் டெஸ்லா தன் செமி லாரியை அறிமுகம் செய்தபோது சொன்ன எண் அது. காற்றுத்தடை 1350 நியூட்டனாக இறங்கும். மொத்தத் தடையில் 20 சதவீதம் மிச்சம். இன்ஜினில் கை வைக்கவே இல்லை, வடிவத்தை மட்டும்தான் மாற்றினோம்.

தடை எங்கே பிறக்குது?

லாரி விஷயத்தில் காற்று உரசுவதால் வரும் தடை கொஞ்சம்தான். பெரிய பங்கு அழுத்த வித்தியாசத்தால் வருது. முன்னால் காற்று மோதி அழுத்தம் ஏறுது. பின்னால் காற்று பாடியை விட்டுப் பிரிந்து, சுழலாகி, அழுத்தம் இறங்குது. முன்னால் ஒருத்தர் தள்ள, பின்னால் ஒருத்தர் சட்டையைப் பிடித்து இழுக்கிற கதை.

இதை உடம்பால் உணர்ந்தவர் நாசா பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்து போகும் பெரிய லாரிகள் முதலில் தன்னைத் தள்ளுவதையும் அடுத்து உள்ளே இழுப்பதையும் கவனித்தார். 1973-ல் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் ஒரு பழைய ஃபோர்டு வேனுக்கு அலுமினியத் தகடு அடித்து, ஷூ டப்பா மாதிரி சதுரமாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு முன்பக்க விளிம்புகளை உருட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், காற்றுத்தடை பாதிக்கும் மேல் குறைந்தது. கூரான மூக்கு தேவைப்படவில்லை, உருண்ட விளிம்பே போதுமாக இருந்தது.

அப்போ முன்பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கிற லாபம் அந்தக் காலத்திலேயே கிடைத்தாச்சு. இன்றைக்கு மிச்சம் இருப்பது மூன்று இடங்கள்.

ஒன்று, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. குறுக்குக் காற்று அடித்தால் அதில் புகுந்து டிரெய்லரின் முன்சுவரில் மோதும்.

இரண்டு, வண்டியின் அடிப்பக்கம். சக்கரம், ஆக்சில், சேஸிஸ் என்று எல்லாமே காற்றுக்குத் தடங்கல். பக்கவாட்டில் கட்டும் பாவாடைத் தகடுகள் காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். கலிஃபோர்னியா 2008-ல் கொண்டு வந்த விதியால் அங்கே ஓடும் நீளமான டிரெய்லர்களில் இவை சகஜமாகிவிட்டன.

மூன்று, முதுகு. செங்குத்தாக வெட்டிய பின்கதவு. மீன் மாதிரி மெல்ல ஒடுங்கினால் காற்று ஒட்டியே போகும். ஆனால் அதற்குப் பல மீட்டர் நீளம் வேண்டும், அங்கே சரக்கு ஏற்ற முடியாது. அவசரப்பட்டுச் செங்குத்தாக ஒடுக்கினால் காற்று பிரிந்து பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அதனால் சமரசமாக, பின்கதவைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு உள்நோக்கிச் சாய்ந்த பலகைகளை வைக்கிறார்கள். படகு வால் என்று இதற்குப் பெயர்.

ஓடிக் காட்டியவை

அமெரிக்க எரிசக்தித் துறையின் சூப்பர்டிரக் திட்டத்தில் 2015-ல் ஃப்ரெய்ட்லைனர் காட்டிய லாரி, டெக்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு கேலனுக்கு 12.2 மைல் கொடுத்தது. நம்ம கணக்கில் லிட்டருக்கு 5.2 கி.மீ. அதற்கு முன் கம்மின்ஸும் பீட்டர்பில்ட்டும் சேர்ந்து செய்த லாரி 10.7 மைல், அதாவது சுமார் 4.5 கி.மீ. இதில் இன்ஜின், கழிவு வெப்பத்தை மீட்பது, டயர் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வடிவம் மட்டும் தனியாகச் சாதிக்கவில்லை. ஆனால் அந்த லாரிகளைப் பாருங்க, கேபினும் டிரெய்லரும் ஒரே உடம்பு மாதிரி வடிவமைக்கப்பட்டிருக்கும்.

அப்புறம் ஏன் எல்லா லாரியும் அப்படி இல்லை? அங்கே ஒரு இழுவண்டிக்குப் பல டிரெய்லர் வைத்திருப்பது வழக்கம். டிரெய்லர் ஒருத்தருடையது, டீசல் செலவு இன்னொருத்தருடையது என்றும் இருக்கும். பாவாடைத் தகடு வாங்குகிறவருக்கு லாபம் வராவிட்டால் அவர் ஏன் வாங்கணும்?

ஐரோப்பாவில் தடையாக இருந்தது சட்டம். டிரெய்லரோடு சேர்த்து 16.5 மீட்டர்தான் நீளம். கேபினை ஒரு அடி நீட்டினால் சரக்கில் ஒரு அடி போச்சு. அதனால்தான் அங்கே லாரிகள் சுவர் மாதிரி தட்டையான முகத்தோடு வளர்ந்தன. 2015-ல் சட்டம் தளர்த்தப்பட்டு, பிறகு அமலுக்கு வந்தது. 2021-ல் டாஃப் நிறுவனம் கேபினின் முன்பக்கத்தை 16 செ.மீ. நீட்டி, விளிம்புகளை உருட்டி, புதிய வரிசையை வெளியிட்டது. வெறும் 16 செ.மீ.க்காக ஒரு சட்டமே மாற வேண்டியிருந்தது!

நம்ம ரோட்டுக்கு?

அதே 36 டன் லாரி 50 கி.மீ. வேகத்தில் போனால் காற்றுத்தடை சுமார் 690 நியூட்டன்தான். மொத்தத்தில் கால் பங்கு. 0.36 வடிவத்தைக் கொண்டுவந்தாலும் மிச்சம் 10 சதவீதம். அமெரிக்காவில் கிடைக்கும் 20 சதவீதத்தைக் காட்டி இங்கே விற்க வந்தால் நம்பிடாதீங்க.

ஆனா இன்னொரு கணக்கும் இருக்கு. லோடை இறக்கிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியின் எடை 12 டன் என்று வைத்துப் பாருங்க. டயர் தடை சுமார் 710 நியூட்டனாக இறங்கிடும். காற்றுக்கு எடை தெரியாது, அதே 690 நியூட்டன். 50 கி.மீ. வேகத்திலேயே பாதிக்குப் பாதி வந்தாச்சு! அதிலும் திறந்த பாடி என்றால் பின்சுவர் காற்றை நேராக வாங்கும். அப்போ காலி பாடியின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு தார்ப்பாய் எவ்வளவு மிச்சப்படுத்தும்? சிஎஃப்டியில் ஒரு மாடல் போட்டால் தெரிஞ்சிடும்.

மின்சார லாரி வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். டீசல் என்றால் டேங்கைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். பேட்டரியைப் பெரிதாக்கினால் ஏறும் எடை ஒவ்வொரு கிலோவும் சரக்கிலிருந்து கழியும். அங்கே வடிவத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நியூட்டனும் பேட்டரியில் மிச்சமாகும் கிலோ.

ஆகவே ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லாரி வரையப் போறவங்க, மூக்கை அப்புறம் பார்த்துக்கலாம். அது ஓடப்போகும் ரோட்டில் சராசரி வேகம் என்ன, போகும்போது எத்தனை டன், திரும்பும்போது எத்தனை டன் என்று முதலில் ஒரு லாரி டிரைவர் அண்ணனிடம் கேட்டுக்கோங்க. அதை எழுதிக்கிட்டு, பின்கதவிலிருந்து வரைய ஆரம்பிங்க.