உலகப் படவிழா நடத்தப் போகும் பிள்ளைகளுக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் அவ்வப்போது வந்து கேட்பது இதுதான்: "ஐயா, எங்க டிபார்ட்மென்ட்ல உலகத் திரைப்பட விழா நடத்தலாம்னு இருக்கோம். எந்தெந்தப் படம் போடலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பார்க்கப் போகிறவர் யார் என்று முடிவானால் படப் பட்டியல் பாதி தயாராகிவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். செட்டிகுளத்தில் உட்கார்ந்து எழுதுவதால் வெங்காய வாசம் கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. "நம்ம பக்கத்து சனங்களுக்கு வெளிநாட்டுப் படமெல்லாம் புரியாது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அநேகமாக அவர் உங்கள் துறையிலேயே இருப்பார். தமிழ்நாட்டுக்காரர்கள் முதன்முதலில் பார்த்த சினிமாவே வெளிநாட்டுப் படம்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள். 1905இல் திருச்சியில் ரயில்வே டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பி, பெஷாவர், ரங்கூன் வரை போய்வந்தார். எல்லாம் தொடங்கியது நம் பக்கத்துத் திருச்சியில்.

கர்நாடகத்தில் சாகர் தாலுகாவில் ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர், பாக்குத் தோட்டங்கள் நிறைந்தது. 1949இல் தொடங்கிய நீனாசம் என்ற நாடக அமைப்பு அங்கே 1973இல் பிலிம் சொசைட்டியும் ஆரம்பித்தது. கே.வி. சுப்பண்ணா அதன் உயிர்நாடி. பூனா திரைப்பட நிறுவனத்தின் சதீஷ் பகதூர் அங்கே வந்து கிராமத்தாருக்குப் படம் பார்க்கும் வகுப்பு எடுத்தார். பாக்கு உரிக்கிற ஆட்கள் சத்யஜித் ராய் படமும் குரோசாவா படமும் பார்த்துப் பேசினார்கள். 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பாக்கு விளைகிற ஊரில் முடிந்த காரியம் வெங்காயம் விளைகிற ஊரில் முடியாதா?

பல்கலைக்கழகத்தையும் விழாவையும் சேர்த்து உதாரணம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவின் படங்கள் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கிலும் திரையிடப்பட்டன. போர் முடிந்து ஆறே ஆண்டு ஆகியிருந்த ஊர் அது. நம் பக்கத்தில் புதுக்கோட்டையில் 2022இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கமான தமுஎகசவின் தோழர்கள் தியேட்டரிலேயே உலகத் திரைப்பட விழா நடத்தினார்கள்.

2. மூன்று நாள், ஐந்து படம். அதற்கு மேல் வேண்டாம். கோவா விழாவில் இருநூறுக்கு மேல் ஓடுகிறதே என்று கேட்காதீர்கள். அங்கே அரசாங்கம் நடத்துகிறது, பல அரங்குகள் இருக்கின்றன, பார்க்க வருகிறவர்களும் பழகினவர்கள். உங்களிடம் இருப்பது ஒரு அரங்கம், ஒரு புரொஜெக்டர், அட்டெண்டன்ஸுக்காக வந்து உட்கார்ந்த கூட்டம். அந்தக் கூட்டம் எழுந்து போகாமல் ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டால் விழா வெற்றி. அழைப்பிதழில் இருபது நாட்டுக் கொடி அச்சடிப்பது முதல்வர் அறையில் காட்டத்தான் உதவும்.

3. படம் தேர்ந்தெடுக்கும்போது கடைசி பஸ் நேரத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், மாலை டவுன் பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. இரண்டே முக்கால் மணி நேரக் காவியத்தை மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். போகிறவர்கள் மேல் தப்பே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற நல்ல படங்களுக்குப் பஞ்சமா? டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 89 நிமிடம். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' 89 நிமிடம். கியாரஸ்தமியின் 'வேர் இஸ் தி பிரண்ட்ஸ் ஹோம்' அதைவிடக் குறைவு. தொடக்கப் படமாக லாமோரிஸின் 'தி ரெட் பலூன்' போடலாம். 1956இல் வந்தது, 34 நிமிடம், பேச்சு அநேகமாக இல்லை. பாரிஸ் தெருவில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு சிவப்பு பலூன் வருகிறது, கதை அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சலித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

4. பார்க்க வருகிறவருக்குத் தெரிந்த வேலை திரையில் நடக்கிற படமாகத் தேடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானிய இயக்குநர் கனெட்டோ ஷிண்டோவின் 'தி நேக்கட் ஐலண்ட்' 1960இல் வந்தது. தண்ணீரே இல்லாத ஒரு குட்டித் தீவில் புருசன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். படகில் அக்கரைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருகிறார்கள். தோள்கம்பின் இரு பக்கமும் வாளி தொங்க, செங்குத்தான மேட்டில் அடிமேல் அடி வைத்து ஏறுகிறார்கள். மேலே போனதும் அகப்பையால் ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊற்றுகிறார்கள். காய்ந்த மண் அந்தத் தண்ணீரை உடனே குடித்துவிடுகிறது. மறுபடி வாளி, மறுபடி படகு. ஒரு தடவை அந்த அம்மாள் கால் தடுமாறி ஒரு வாளியைக் கொட்டிவிடுகிறாள். புருசன் வந்து கன்னத்தில் ஓர் அறை விடுகிறான், பிறகு ஒன்றும் பேசாமல் மிச்ச வாளியைத் தூக்கிவிடுகிறான். படம் முழுக்க வசனம் இல்லை என்றே சொல்லலாம். ஷிண்டோவின் கம்பெனி மூடப்படும் நிலையில் இருந்தபோது சின்னக் குழுவை வைத்து எடுத்த படம் இது. 1961இல் மாஸ்கோ விழாவில் பெரிய பரிசு வாங்கியது.

ஆலத்தூர் கேட்டிலிருந்து மேற்கே நம் ஊருக்கு வருகிற வழியில் இரண்டு பக்கமும் பாருங்கள். மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றில் தண்ணீர் இருக்கிறவன் காட்டில் வெங்காயமும் தெரியும். கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கிப் பயிரைக் காப்பாற்றப் பார்த்தவனுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டாம். விமர்சகர்கள் அதைக் கவிதை என்பார்கள். நம் ஆள், தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் சுற்றிவர ஊற்றியிருக்கலாமே என்பான். அந்தப் பேச்சு நடந்தால் விழா நடந்தது என்று அர்த்தம்.

இன்னொன்று, பிரான்சின் ஆக்னஸ் வார்தா 2000இல் எடுத்த 'தி கிளீனர்ஸ் அண்ட் ஐ'. அறுவடை முடிந்த காட்டில் விடுபட்டதைப் பொறுக்குகிறவர்கள் பற்றிய ஆவணப்படம். சின்ன டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வார்தாவே அவர்களுக்குப் பின்னால் போகிறார். கம்பெனிக்காரன் அளவு சரியில்லை என்று கொட்டிவிட்டுப் போன உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்குகள் கிடைக்கின்றன. ஒரு கையால் பொறுக்கி, மறு கையால் அதையே படம் பிடிக்கிறார். கடலை பிடுங்கின காட்டில் தப்புக்கடலை பொறுக்கிய அனுபவம் உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கும். அளவு சின்னது என்று வியாபாரி கழித்துவிட்ட வெங்காயம் எந்த வீட்டில்தான் இல்லை?

ஈரானின் மெஹர்ஜுய் 1969இல் எடுத்த 'தி கௌ' படத்தையும் பட்டியலில் வையுங்கள். மாடு செத்ததைத் தாங்க முடியாத ஒருவன் தானே மாடாகிப் போகிறான். மாடு வைத்திருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

5. தமிழில் சப்டைட்டில் போடுங்கள். ஆங்கில சப்டைட்டிலை ஓடுகிற வேகத்தில் படிக்க நம் பிள்ளைகளில் பலருக்கு வராது, வந்தாலும் கண் எழுத்திலேயே நிற்கும், முகத்தைப் பார்க்காது. சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து, நேரக் குறிப்பைத் தொடாமல், வசனத்தை மட்டும் தமிழாக்கினால் போதும். தமிழ்த்துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு வரிக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் போகாமல், பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எழுதச் சொல்லுங்கள். "நான் தங்களிடம் விண்ணப்பிக்கிறேன்" என்று ஒரு ஈரானியச் சிறுவன் சொன்னால் அரங்கம் சிரிக்கும்.

அதற்கும் நேரமில்லையா? ஒருவரை மைக்கோடு திரை ஓரம் நிற்கவைத்துக் கதை சொல்ல வையுங்கள். ஊமைப்பட காலத்தில் நம் கொட்டகைகளில் அப்படித்தான் ஒருவர் நின்று சொன்னார். ஜப்பானில் அந்த ஆளுக்கு பென்ஷி என்று பெயர், நடிகர்களைவிடப் புகழ் பெற்ற பென்ஷிகள் இருந்தார்கள். நல்ல குரல்வளம் உள்ள பிள்ளை உங்கள் கல்லூரியிலும் ஒன்று இருக்கும்.

6. படம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் எதிரொலித்தால் எழுந்து போய்விடுவார்கள். ஆண்டுவிழா நடத்துகிற கலையரங்கில் கைதட்டிப் பாருங்கள், "டப்" என்று ஒரு தரம் கேட்க வேண்டும். "டப்-டப்-டப்" என்று சுவர் திருப்பித் தந்தால் அது படம் போட லாயக்கில்லாத இடம். பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் ஜமக்காளம் தொங்கவிடுங்கள், கல்யாண மண்டபத்தில் வாடகைக்குக் கிடைக்கும். கச்சேரி ஸ்பீக்கர் வேண்டாம். அது பேச்சை அமுக்கிவிட்டுத் தாளத்தைத் தூக்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். திரை இல்லாவிட்டால் பழைய பிளக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டலாம். தலைவர் முகம் முன்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முந்தின நாள் ஒரு படத்தை முழுசாக ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

7. சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. நிறுவனத்தின் செயல்பாடாகப் படம் காட்டும்போது, பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் அது உரிமை மீறல் ஆகாது. டிக்கெட் போட்டு வெளியாரைக் கூப்பிட்டால் கதை வேறு, உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். தணிக்கையாகாத வெளிநாட்டுப் படத்தைப் பொதுமக்கள் விழாவில் காட்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கும் வேண்டும். படத்தின் பதிப்புரிமை இந்தியாவில் 60 ஆண்டு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. சென்னையில் கெத்தே நிலையத்திலும் அலியான்ஸ் பிரான்சேஸிலும் எழுதிக் கேளுங்கள், கல்லூரி லெட்டர்ஹெட்டில் கேட்டால் மதிப்பார்கள். டெலிகிராமில் இறக்கிய படத்தைப் போட்டு, அதற்குக் குத்துவிளக்கு வேறு ஏற்றாதீர்கள்.

மேலே "பெற்றோர்" என்று சட்டமே சொல்லியிருப்பதைக் கவனித்தீர்களா? கல்லூரிக்குள் ஃபீஸ் கட்டவும் மார்க் ஷீட் வாங்கவும் மட்டும் வந்த அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுங்கள். முன்வரிசை அவர்களுக்கு. சிறப்பு விருந்தினர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால் குறைந்துபோகமாட்டார்.

8. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்.

9. படம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று மைக்கை நீட்டாதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: ஷிண்டோ படத்தில் அந்த அறைக்கு அப்புறம் அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கியாரஸ்தமி படத்துப் பையன் கொண்டுபோன நோட்டைக் கொடுக்காமலே வீட்டுக்கு ஏன் திரும்பினான்? முதலில் பேசுகிறவர் பேராசிரியராக இருக்கக்கூடாது. அவர் பேசிவிட்டால் பிள்ளைகள் நோட்ஸ் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

10. ஐந்தில் ஒன்று தமிழ்ப் படமாக இருக்கட்டும், அதை உலகப் படம் என்றே அறிவியுங்கள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. 75 நிமிடம். வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், கடைசியில் பெண்கள் குழியில் ஊறுகிற தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். ஷிண்டோ படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வினோத்ராஜ் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர், சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்து உலகப் படங்கள் பார்த்தவர். படம் பார்த்தவர் படம் எடுப்பது பழைய கதைதான். 1952இல் நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அந்த விழாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த பிமல் ராய் மறு ஆண்டே 'தோ பிகா ஜமீன்' எடுத்தார், நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கிற விவசாயியின் கதை. உங்கள் அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் என்ன எடுப்பான் என்று இப்போதே சொல்ல முடியாது. அவனைத் தூங்காதே என்று மட்டும் எழுப்பிவிடுங்கள்.

11. தேதி. சின்ன வெங்காயம் நட்டு 65, 70 நாளில் பிடுங்க வேண்டும். பிடுங்கி, தாள் அறுத்து, பட்டறை போடுகிற வாரத்தில் விழா வைத்தால் பெற்றோரும் வரமாட்டார்கள், பாதிப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர் தண்டாயுதபாணிக்குத் தேர், அந்த வாரமும் ஆகாது. செமஸ்டர் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்னால் ஊரில் நாலு பேரிடம் நடவு எப்போது என்று கேளுங்கள். தேதி முடிவானதும், பெற்றோருக்கான அழைப்பைக் கையால் எழுதி ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வாட்ஸப்பில் போடாதீர்கள்.