நோன்பும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும்

ரமளான் பிறை தெரிந்ததும் சில வீடுகளில் மருந்துப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடுகிறது. "முப்பது நாள்தானே, பெருநாள் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரையானால் நாமும் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இப்படி நிறுத்திவிட்டு, நோன்பின் பிற்பகுதியில் வாயும் கையும் இழுத்துக்கொண்ட ஒரு தாயாரை நாம் அறிவோம். அவருடைய இருதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டிருந்தது. அதனாலேயே இதை எழுத முற்பட்டோம்.

உலோக வால்வின் மீது இரத்தம் எளிதில் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்; வால்விலேயே தங்கினால் வால்வு அசையாமல் நின்றுவிடும். எனவே அத்தகையவர்கள் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கும், காலின் உட்புற இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியவர்களுக்கும் இவற்றைக் கொடுப்பதுண்டு.

'இரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று சொல்கிறோமே தவிர, இதனால் இரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களைக் கல்லீரல், வைட்டமின் 'கே'யைக் கொண்டு தயாரிக்கிறது. மாத்திரை அந்த வேலையைத் தடுத்துத் தாமதப்படுத்துகிறது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அதன் காரணத்தை ஆராயப்போய்க் கிடைத்ததே இந்த மருந்தினம். வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. எலி மருந்தா என்று பதற வேண்டாம். எல்லாம் அளவைப் பொறுத்தது.

அந்த அளவைப் பார்ப்பதற்குத்தான் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்து சாப்பிடாதவருக்கு இது ஏறக்குறைய 1 இருக்கும். சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சில வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரை வேண்டியிருக்கும். குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும். உங்களுக்குரிய எண் எது என்பதை டாக்டரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

இனி நோன்புக்கு வருவோம். வார்ஃபரின் நாளைக்கு ஒருவேளை மாத்திரை. நோன்பு திறந்தபின், இஷாவுக்கு முன் என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு தினமும் அதே நேரத்தில் சாப்பிட்டால் பகல் நோன்புக்கு எந்த இடையூறும் இல்லை. அப்படியிருக்க நிறுத்துவானேன்? ஒருநாள் மறந்து, படுக்கப் போகுமுன் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் அந்த நாளுக்குரியதை மட்டுமே சாப்பிட வேண்டும். விட்டதையும் சேர்த்து இரண்டாக விழுங்குவது ஆபத்து.

உணவில்தான் நாம் ஏமாந்து போகிறோம். மற்ற மாதங்களில் முருங்கைக்கீரையும் பசலையும் அடிக்கடி உண்டவர், ரமளானில் கஞ்சியும் வடையும் சமோசாவுமாக மாறிவிடுகிறார். கீரையில் வைட்டமின் 'கே' நிறைய உண்டு. அது திடீரென்று குறைந்தால் மருந்தின் வேகம் கூடும். திடீரென்று கூடினால் வேகம் குறையும். கீரையை அடியோடு விடவேண்டும் என்று சிலர் சொல்வது சரியல்ல. வழக்கமான அளவு மாறாமலிருந்தால் போதும். ரமளானுக்கு முன் ஒரு தடவையும் நடுவில் ஒரு தடவையும் ஐ.என்.ஆர். பார்ப்பது நல்லது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதால் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறிவதில்லை. உளூவின் மஸ்அலா வேறு: ஷாஃபிஈ மத்ஹபில் இரத்தம் வருவதால் உளூ முறியாது, ஹனஃபி மத்ஹபில் வெளிப்பட்டு ஓடினால் முறியும். ஆகவே மிஸ்வாக்கை நன்கு ஊறவைத்து, ஈறில் இரத்தம் வராமல் மெதுவாகத் துலக்குங்கள்.

நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடும் டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளும் உண்டு. உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை ஆகா. இவற்றின் சக்தி ஓரிரு நாளில் அற்றுவிடும் என்பதால் ஒருவேளை தவறினாலும் பாதுகாப்புக் குறையும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு சாப்பிட வேண்டும். இரண்டு பேரீச்சம்பழம் போதாது. இரவுச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

மூட்டுவலிக்கென்று கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் இவற்றால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான மருந்து எது தந்தாலும் "நான் வார்ஃபரின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பல் பிடுங்குமுன்னும், தசையில் ஊசி போடுமுன்னும் சொல்லுங்கள். கறியில் சேரும் இஞ்சி பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கருஞ்சீரகத்தையோ பூண்டையோ மருந்தாகத் தினமும் உண்பதானால் கேட்டுக்கொண்டே உண்ண வேண்டும். ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோரும் டாக்டர் சம்மதிக்காமல் செய்துகொள்ள வேண்டாம்.

மலம் தார்போல் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் வரும் இரத்தம் நிற்காவிட்டால் நோன்பைப் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஸஹர் வேளையில் உளூச் செய்யுமிடத்தில் வழுக்கி விழும் பெரியவர்கள் பலர். தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லையென்றாலும் உடனே போய்க் காட்டுங்கள். உள்ளே கசியக்கூடும்.

வால்வு மாற்றிய இளம் சகோதரிகள் குழந்தைக்கு விரும்பினால் முன்னரே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவின் தொடக்க வாரங்களில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும். ஆனால் தாமாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்து.

நோன்பே வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதையும் ஏற்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹுத்தஆலா சலுகை அளித்திருக்கிறான். குணமாகிறவர் பிறகு கழாச் செய்யலாம். குணத்துக்கு வழியில்லாதவர் ஃபித்யாவைப் பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். விட்ட நோன்பை ஈடுசெய்ய மார்க்கத்தில் வழி இருக்கிறது. மூளையில் அடைத்த கட்டியால் முடங்கிய கையை யார் திருப்பித் தருவார்?

ரமளானில் உம்ராவுக்குப் புறப்படுகிறவர்கள் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட வேண்டாம். மருந்தின் பெயர், அளவு, ஐ.என்.ஆர். எழுதிய சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடன் வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கட்டும்.